உப்பு பார்க்காத குழம்பு

வாழைக்காய் கேட்டிருந்தோம், வாழைப்பழம் வந்தது. நன்றாகக் கனிந்து புள்ளி விழுந்த பழம். புடலங்காய்க்குப் பதில் கூர்ஷெட் என்ற பச்சைக் காய் இரண்டு. அவரைக்காய்க்கு நேரே ‘இருப்பில் இல்லை’. எதற்கு எது மாற்று என்று பையோடு வந்த சீட்டில் வரிசையாக அச்சடித்திருந்தது. என் மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2025 ஜூலை 24, வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. யார்க்ஷயரில் வேக்ஃபீல்டு என்ற ஊரில், மகள் வீட்டுச் சமையலறையில் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரருக்கும் அவருக்கு முன்னால் போனவர்களுக்கும் எதைச் சமைத்து இலை போடப்போகிறோம் என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பாளையங்கோட்டை. சைவ வீடு. அமாவாசை, திவசம் என்றால் வெங்காயம் பூண்டு கிடையாது. அது பல வீடுகளில் உள்ளதுதான். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. அன்றைக்கு இங்கிலீஷ் காய் அடுப்பில் ஏறக்கூடாது. முட்டைக்கோஸ், காரட், பீட்ரூட், நூல்கோல், பீன்ஸ் எல்லாம் மறுநாளைக்கு. தக்காளியும் வேண்டாம், ரசத்துக்குப் புளி போதும். இலையில் விழுவது நாட்டுக்காயாக இருக்க வேண்டும்: வாழைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய், சீனியவரைக்காய், தடியங்காய், சேனை, மொச்சை. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் என் மாமியார். அத்தை பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் மார்க்கெட்டில் கத்தரிக்காயின் காம்பைப் பார்த்தே எந்தப் பக்கத்துத் தோட்டம் என்று சொல்லிவிடுவார்.

இங்கே வந்தபிறகு அந்தச் சட்டம் வேடிக்கையாகிவிட்டது. இங்கிலீஷ்காரர் ஊரில் எந்தக் காய்தான் இங்கிலீஷ் காய் இல்லை?

லீட்ஸுக்குப் போனால் நம் காய்கள் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை கூட்டிப்போனார். வாழை இலை நன்றாக இருந்தது, வாழைக்காயும் பரவாயில்லை. அவரைக்காயைக் கையில் எடுத்தேன். விமானம் ஏறி வந்த களைப்பு அதன் முகத்தில் தெரிந்தது. ஒடித்தால் ஒடியவில்லை, வளைந்தது. கத்தரிக்காயின் தோல் சுருங்கி என் புறங்கை மாதிரி இருந்தது. அத்தைக்கு இரண்டாவது சட்டம் ஒன்றும் உண்டு. அது முதலாவதைவிடக் கடுமை: வாடினது இலைக்கு ஆகாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு முந்தாநாள் காயைச் செய்துபோட்டால் முகம் சுளிப்பார்கள், நமக்கும் தெரிந்துவிடும். போனவர்கள் சுளித்தால் யாருக்குத் தெரியும்? ஆக, வாடின நாட்டுக்காயா, வாடாத இங்கிலீஷ் காயா? இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. அத்தை இருந்திருந்தால் எதை விட்டுக்கொடுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

வாடாத காய் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஊர் ஓரத்தில் அலாட்மென்ட் இருக்கிறது. நகராட்சி வாடகைக்குக் கொடுக்கும் காய்கறி நிலம் அது. முழுத் துண்டு ஏறக்குறைய 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட். கேட்கிறவர்களுக்கு நிலம் ஒதுக்கித்தர வேண்டியது உள்ளூர் நிர்வாகத்தின் கடமை என்று 1908-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஜூலை பிறந்தால் அந்த ஆறு சென்ட் விளைச்சலை ஒற்றை மனிதர் தின்று தீர்க்க முடியாது. வாளியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போய்விடுவார். ஒரு நாள் ரன்னர் பீன்ஸ், ஒரு நாள் கூர்ஷெட், ஒரு நாள் கூஸ்பெர்ரி. எல்லா நாளும் பிராட் பீன்ஸ்.

நான் முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள். அதனால் இந்த நாட்டுக்காய், இங்கிலீஷ் காய் என்ற பிரிவினை எவ்வளவு ஓட்டை என்று எனக்கு எப்போதோ தெரியும். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், 1986 என்று நினைவு, அமாவாசைச் சமையலுக்கு அத்தை வத்தல் மிளகாயைக் கிள்ளிக்கொண்டிருந்தார். படித்த திமிர் எனக்கு. “அத்தை, மிளகாய் நம்ம ஊரு இல்ல. அமெரிக்காவுல இருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது” என்றேன்.

“வந்து எவ்வளவு நாளாச்சு?”

“ஒரு நானூறு, ஐநூறு வருஷம் இருக்கும்.”

“அப்ப அது நம்ம வீட்டு ஆளுதாம்ளா. நீ வந்து மூணு வருஷந்தான் ஆகுது.”

அத்தை தலைகூட நிமிரவில்லை. மிளகாயைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். அந்த வார்த்தை எனக்கு எங்கே குத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் பொங்கலுக்குச் சமைக்கிற சீனிக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மஞ்சள் பூசணியும் அப்படியே. தஞ்சாவூர்ப் பக்கம் அதற்குப் பறங்கிக்காய் என்று பேர். வெள்ளைக்காரனின் காய் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதைப் பொங்கல் கூட்டில் போட்டுச் சூரியனுக்கே படைக்கிறார்கள், சூரியன் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. சீத்தாப்பழத்துக்குச் சீதையின் பேர். அந்த மரத்தைச் சீதை பார்த்திருக்க முடியாது. தக்காளி என்பது முன்னாலேயே நம் பக்கத்துச் சிறு செடிக்கு இருந்த பேர். சீமையிலிருந்து வந்த சிவப்புப் பழம் அந்தப் பேரைப் பிடுங்கிக்கொண்டது. புதிதாக வருகிற காய்க்கு நாம் வீட்டில் இருக்கிற பேரைக் கொடுத்து உள்ளே விடுகிறோம். மிளகு மாதிரி உறைப்பதால் மிளகாய்.

வெள்ளைக்காரரும் இதையேதான் செய்திருக்கிறார்கள். நம் பெருநெல்லிக்கு அவர்கள் வைத்த பேர் ‘இந்தியக் கூஸ்பெர்ரி’. அந்தப் பேரைப் பாடப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்து ஒப்பித்திருக்கிறேன். அசல் கூஸ்பெர்ரியை அறுபத்தெட்டு வயதில் பக்கத்து வீட்டு வாளியில்தான் பார்த்தேன். முள்ளுச் செடியில் காய்ப்பது, மேலே மெல்லிய ரோமம், உள்ளே ஒளி ஊடுருவும் பச்சை, கோடு கோடாக நரம்பு. நெல்லிக்கும் இதற்கும் எந்த வழியிலும் உறவு கிடையாது. புளிப்பு ஒன்றுதான் பொது. யார்க்ஷயரிலேயே எக்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1800-லிருந்து இந்தக் காய்க்குப் போட்டி நடத்துகிறார்கள், எடை கூடினதற்குப் பரிசு. அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியோடு இதைச் சேர்த்துவைத்துப் பேர் வைத்தவர் நெல்லியைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

பேர் கொடுத்து உள்ளே விடுவதில் ஆபத்தும் உண்டு. முதல் தடவை இங்கே வந்தபோது, பெரியவர் கத்தையாக ருபார்ப் கொண்டுவந்து வைத்தார். வேக்ஃபீல்டு அதற்குப் பேர்போன இடம். இந்த ஊருக்கும் மோர்லிக்கும் ராத்வெல்லுக்கும் நடுவில் உள்ள நிலத்தை ருபார்ப் முக்கோணம் என்பார்கள். குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகையில் வளர்த்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அது ஒன்றும் தெரியாது. சிவப்புக் காம்பு, மேலே யானைக்காது மாதிரி இலை. சேம்பு இலை மாதிரி இருக்கிறதே, பருப்புப் போட்டுக் கடைந்துவிடலாம் என்று காம்பை ஒதுக்கிவிட்டு இலையை நறுக்க ஆரம்பித்தேன். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பெரியவர் போட்ட சத்தத்தில் கத்தி கீழே விழுந்தது. தின்ன வேண்டியது காம்பு, இலை விஷம். ஆக்ஸாலிக் அமிலம். அவர் சொன்னபிறகு எனக்கே ஞாபகம் வந்தது, நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட பெயர். முதல் உலகப் போரில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு வந்தபோது ருபார்ப் இலையைக் கீரையாகத் தின்னலாம் என்று இந்த நாட்டிலேயே யோசனை சொல்லி, தின்றவர்கள் விழுந்திருக்கிறார்கள். அதனால் என் அவமானம் கொஞ்சம் குறைந்தது.

அன்று ராத்திரி அத்தையின் சட்டத்தைப் பற்றி என் புத்தி சற்று மாறியது. அதுவரை அதை மூடப்பழக்கம் என்று வைத்திருந்தேன். நாட்டுக்காய் என்பது, நமக்கு முன்னால் யாரோ தின்று பார்த்து, எதைக் களைய வேண்டும், எதை வேகவைத்து வடிக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, சொல்லிவைத்துவிட்டுப் போன காய். மரச்சீனிக் கிழங்கில் கசப்பு வகைக்குத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்பதை எங்கள் பக்கம் எந்தக் குழந்தையும் புத்தகத்தில் படித்ததில்லை.

ஆனால் இது உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சரி. இறந்தவர்களுக்கு என்ன விஷம்? அத்தையிடம் இதையும் ஒரு நாள் கேட்டிருக்கிறேன். “போய்ச் சேந்தவுகளுக்குப் புதுசா ஒண்ணைப் பழக்க முடியாதுளா” என்றார். என்னைப் பல வருஷம் வேலை வாங்கிய வாக்கியம் அது. நாக்கு சாம்பலாகித் தாமிரபரணியில் கரைந்தபிறகு ருசி எங்கே இருக்கிறது? எங்கள் மாமனார் சிவஞானபோதத்தை உரையோடு கற்றவர், பாடம் கேட்க வீட்டுக்கு ஆள் வரும். சித்தாந்தத்தில் உயிருக்கு என்று சொல்லும் இலக்கணம் சார்ந்ததன் வண்ணமாதல். எதைச் சேர்கிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும், பளிங்கு மாதிரி. உடம்பையும் உலகத்தையும் அனுபவத்தையும் அதற்குக் கொடுத்திருப்பதே பழக்கி எடுக்கத்தான். அப்படிப் பிறவி பிறவியாகப் பழகிக்கொண்டே போகிற ஒன்றை, செத்த அன்றோடு அதன் நாக்கு கத்தரிக்காயில் நின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? மாமனார் அத்தையிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போய்விடுவார்.

அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் நடத்தி ஓய்வு பெற்ற சாரை வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். அவர் வீட்டுச் சட்டம் இன்னும் கடுமை. திதிக்கு மிளகாயே ஆகாது, மிளகுதான். காய் கிடைக்காத கதையைச் சொன்னேன். கடைக்காரர் அனுப்பிய மாற்றுச் சீட்டைச் சொன்னதும் சிரித்தார்.

“டீச்சர், அந்தக் கடைக்காரன் மீமாம்சகன். ஜைமினி ஆறாவது அத்தியாயத்துல இதுக்கே இடம் ஒதுக்கியிருக்கார். பேர் பிரதிநிதி.”

தேர்தலில் நாம் அனுப்பிவைக்கிறவருக்கும் அதே சொல்தான். யாகத்துக்குச் சொன்ன பொருள் கிடைக்கவில்லை என்றால் யாகத்தை நிறுத்தக்கூடாது, மாற்றுப் பொருளை வைத்து முடிக்க வேண்டும். சோமக்கொடி இல்லையா, பூதீகம். நெல் இல்லையா, நீவாரம் என்ற காட்டுநெல். மாற்று எதுவானாலும் அசலைப் போல இருக்க வேண்டும், கையில் கிடைத்ததையெல்லாம் வைக்க முடியாது. மந்திரத்தில் அசலின் பேர்தான் வரும். நீவாரத்தைப் போட்டுவிட்டு நீவாரம் என்று சொல்லக்கூடாது, நெல் என்றே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மாற்றும் கிடையாது. தெய்வத்துக்கு இல்லை, அக்கினிக்கு இல்லை, மந்திரத்துக்கு இல்லை, யாகம் செய்கிறவனுக்கு இல்லை.

“அப்ப ரன்னர் பீன்ஸை அவரைக்காய்னு நினைச்சுண்டு வைங்கோ. தோஷம் இல்லை” என்று முடித்தார்.

நல்ல தீர்ப்பு. ரன்னர் பீன்ஸ் அவரையைப் போலத்தான் இருக்கும், ஓரத்தில் நார் உரிக்க வேண்டும், கொஞ்சம் முற்றினால் சொரசொரப்பு. கூர்ஷெட்டைப் புடலை என்று கூட்டு வைக்கலாம், தண்ணீர் மட்டும் அதிகம் விடும். ருபார்ப்பை நறுக்கி வெல்லம் போட்டால் மாங்காய்ப் பச்சடி. பிராட் பீன்ஸ் மொச்சை. எல்லாக் காய்க்கும் வேஷம் போட்டாயிற்று. ஆனால் போனை வைத்த பிறகு மனசு ஒட்டவில்லை. செய்கிறவனுக்கு மாற்று இல்லை என்றாரே, செய்கிறவன் பெண்டாட்டிக்கு? ராமர் அசுவமேதத்துக்குத் தங்கத்தில் சீதை செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று உத்தரகாண்டத்தில் வருகிறது. சார் அதைச் சொல்லவில்லை. எனக்காகத் தோன்றியது.

நான் இரண்டாந்தாரம்.

மூத்தவள் 1980-ல் போனாள். இருபத்து நாலு வயது, பிள்ளை இல்லை. அவளை நான் பார்த்ததில்லை. ஸ்டூடியோவில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ ஒன்றுதான். ஊரில் என்னை அறிமுகம் செய்யும்போதெல்லாம் அவள் பேரைச் சொல்லி, “அவ இடத்துக்கு வந்தவ” என்பார்கள். மந்திரத்தில் அசலின் பேர் என்றால் அதுதான். அத்தையின் மிளகாய் வார்த்தை எனக்கு எங்கே குத்தியிருக்கும் என்று இப்போது தெரியும்.

அமாவாசைக்கு மாமனாருக்கு ஓர் இலை, மூத்தவளுக்கு ஓர் இலை. மாமனார் இலைக்கு முன்னால் அத்தை கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். மூத்தவள் இலைக்கு முன்னால் பேசுவார். “ஏளா, கத்தரிக்கா வச்சிருக்கு. உப்புத் தூக்கலாத்தான் போட்டிருக்கு, சாப்பிடு.” அவளுக்கு எல்லாவற்றிலும் உப்புத் தூக்கலாக வேண்டுமாம். சமைக்கும்போது என் பக்கத்தில் நின்று, “இன்னும் ரெண்டு கல்லு போடு” என்பார். முதலில் எனக்கு எரிச்சல். பிறகு பழக்கம். 2001-ல் அத்தையும் போன பிறகு மூன்றாவது இலையும் வந்து, சமையல் முழுக்க என் கைக்கு வந்தது. நான் பார்த்தே இராத ஒருத்தியின் நாக்குக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சமையல் உலகத்தில் எனக்கு எந்தக் காயும் அவ்வளவு அந்நியம் இல்லை.

உப்பைப் பற்றிச் சொல்லவந்தது இதற்காகத்தான்: படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது. கரண்டியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டால் எச்சில். அன்று முழுக்க விரதம் வேறு. குழம்பில் உப்பு இருக்கிறதா, புளி தூக்குகிறதா என்று ஆவியை முகர்ந்து, கொதியின் சத்தத்தைக் கேட்டு, கையின் கணக்கை நம்பிச் செய்ய வேண்டும். பிராட் பீன்ஸை முதல் நாள் கையில் எடுத்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது இதுதான். இது எவ்வளவு புளி தாங்கும்? எவ்வளவு உப்பு குடிக்கும்? எனக்குத் தெரியாது, சுவைத்துப் பார்க்கவும் முடியாது. அத்தையின் சட்டத்தில் காயின் ஜாதகமே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கத் தெரிந்த காயை மட்டும் சமை என்பதுதான் அது. போனவர்களுக்குப் புதுசு பழக்க முடியாது என்று சொன்னது, சமைக்கிறவளுக்குப் பழகாததை அவர்கள் தலையில் கட்டாதே என்று சொன்னது. இருந்தாலும் அவர் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. இது என் வியாக்கியானம்.

இந்த இடத்தில் எல்லோரும் கண்ணப்பரையும் சபரியையும் கூட்டிவருவார்கள். சபரி கடித்துப் பார்த்துக் கொடுத்த கதை வால்மீகியில் இல்லை, பின்னால் வந்தது. கண்ணப்பர் கதை பெரியபுராணத்தில் உண்டு. இறைச்சியை வாயில் அதுக்கிப் பதம் பார்த்தே வைத்தார். பக்தி எச்சிலையும் மீறும் என்று சொற்பொழிவில் சொல்வார்கள். நான் சமையல்காரியாகப் பார்க்கிறேன்: அவருக்கு அந்தச் சாமியிடம் அறிமுகம் ஆகி ஆறு நாள். என்ன பிடிக்கும் என்று சொல்லித்தர மாமியார் இல்லை. சுவைத்துப் பார்க்காமல் வேறென்ன செய்வார்?

எனக்கு இருந்தது பத்து நாள். தினமும் பிராட் பீன்ஸ் சமைத்தேன்.

பெரிய தோல், விரல் தடிமன், உரித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. இலவம்பஞ்சு மெத்தையில் ஐந்து குழந்தைகளைப் படுக்கவைத்த மாதிரி பயறு. அதைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, நகத்தால் கீறிப் பிதுக்கினால் சாம்பல்பச்சைத் தோல் கழன்று, உள்ளேயிருந்து கண்ணைப் பறிக்கும் பச்சையில் பருப்பு துள்ளி விழும். ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குகிற அதே வேலை, என் விரலுக்கு அது தெரிந்திருந்தது. முதல் நாள் புளிக்குழம்பில் போட்டதும் குழைந்து களியாகிவிட்டது. மொச்சை நினைப்பில் அடுப்பில் வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் கடைசியில் போட்டேன், புளி உள்ளே இறங்கவில்லை. ஐந்தாம் நாள், குழம்பை முதலில் சுண்டவைத்து, பருப்பைப் போட்டு மூன்று கொதியில் இறக்கினால் சரி என்று பிடிபட்டது. உப்புதான் தொல்லை. இங்கே உப்பு மாவு மாதிரி. என் கைக்குக் கல்லுப்புதான் கணக்கு. லீட்ஸில் கல்லுப்பு வாங்கிவந்த பிறகே கை நிதானத்துக்கு வந்தது.

ஆறாம் நாள் மாப்பிள்ளை, “அத்தை, தெனமும் இது வேண்டாமே” என்றார். சலிப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு, அவர்கள் இந்தப் பயறைத் தின்றால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் என்று விளக்கினார். மத்தியதரைக்கடல் ஓரத்து மக்களிடம் அது அதிகம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது இல்லை, இருந்தாலும் ஒரு நாள் விட்டுச் சமைத்தேன்.

மத்தியதரைக்கடல் என்றதும் பித்தாகரஸ் ஞாபகம் வந்தார். செங்கோண முக்கோணம் போட்ட அதே ஆள். உயிர் உடம்பு மாறி மாறிப் பிறக்கும் என்றவர், புலால் மறுத்தவர் என்று பேர் பெற்றவர். எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கொடுத்திருப்போம். தன் சீடர்களுக்கு இந்தப் பயறைத் தடைசெய்தார். ஏன் என்று பழைய ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த காரணம் தண்டு: இதன் தண்டில் கணு இல்லை, உள்ளே குழல், அதன் வழியாக இறந்தவர்களின் உயிர் பாதாளத்திலிருந்து மேலே வருகிறது என்பது. பெரியவரிடம் கேட்டு ஒரு தண்டு வாங்கி அறுத்துப் பார்த்தேன். சதுரத் தண்டு. கணு இருக்கத்தான் செய்கிறது, கணு இல்லாமல் இலை எங்கிருந்து வரும்? ஆனால் உள்ளே வெற்றுக் குழல், அதுவும் உண்மை. பூ வெள்ளை, நடுவே கறுப்புத் திட்டு. அந்தத் திட்டில் துக்கத்தின் எழுத்துகள் இருப்பதாக ரோமாபுரியில் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஜூபிடர் கோயில் பெரிய பூசாரி இந்தப் பயறைத் தொடக்கூடாது, பேர்கூடச் சொல்லக்கூடாது. அதே ரோமில் மே மாதம் மூன்று ராத்திரிகள் லெமூரியா என்று ஒரு சடங்கு. வீட்டுத் தலைவன் நடுச்சாமத்தில் வெறுங்காலோடு எழுந்து, கறுப்புப் பயறைத் திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டே போவான், பின்னால் வரும் மூதாதையர் பொறுக்கிக்கொள்வதற்காக.

படித்து முடித்துவிட்டு வாளியைப் பார்த்தேன். இங்கிலீஷ் காய் என்று நான் வாசலில் நிறுத்திவைத்த இது, நம் ஊருக்கு மிளகாய் வந்து சேர்வதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்தே யாரோ ஒருவர் வீட்டுத் தென்புலத்தாருக்கு இலை போட்ட பயறு. அதற்கு மொச்சை வேஷம் எதற்கு? ரன்னர் பீன்ஸையும் கூர்ஷெட்டையும் விட்டுவிட்டேன், அவற்றோடு பழகப் பத்து நாள் கிடையாது. வாழைக்காயும் சேனையும் லீட்ஸ் காய். குழம்பு மட்டும் பிராட் பீன்ஸ்.

ஆடி அமாவாசையன்று காலையில் மகள் லீவு போட்டாள். ஊரில் குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்க இடம் இருக்காது. இங்கே குளியலறைக் குழாய். எனக்கு மகன் இல்லை. தர்ப்பணம் யார் செய்வது என்ற கேள்விக்கு ஊரில் நாலு பேர் நாலு விடை சொன்னார்கள். நான் சமைக்கிறேன், மகள் இலை போடுகிறாள், அவ்வளவுதான் எங்கள் விடை. தெற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே நாலு இலை: மாமனார், அத்தை, அவர், மூத்தவள். இலையின் நுனி எந்தப் பக்கம் என்று மகள் இரண்டு தடவை கேட்டாள்.

குழம்பைச் சுண்டவைத்தேன். பருப்பைப் போட்டேன். ஒரு கொதி, இரண்டு, மூன்று. கல்லுப்பைக் கையில் அள்ளினேன். நாக்குக் கரண்டியைத் தேடியது. பார்க்கவில்லை.

மாமனார் இலைக்கும் அத்தை இலைக்கும் கும்பிட்டேன். அவர் இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மூத்தவள் இலைக்கு முன்னால் எப்போதும் அத்தைதான் பேசுவார். அத்தை போன பிறகு அங்கே யாரும் பேசியதில்லை, நானும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு உட்கார்ந்தேன்.

“அக்கா, கத்தரிக்காய் வாடியிருந்தது, வாங்கலை. இது இந்த ஊருப் பயறு. மொச்சை இல்ல. பிராட் பீன்ஸ்னு பேரு. தோலைப் பிதுக்கி எடுத்திருக்கேன்.”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாசலில் வைத்த வடையை, கழுத்து சாம்பலாக இருந்த சின்னக் காக்காய் ஒன்று ஓட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. ஜாக்டா என்கிறார்கள் அதை.

மாப்பிள்ளை வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தார். அதுவரை நாங்களும் சாப்பிடவில்லை. மூவரும் உட்கார்ந்தோம். அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்து, இரண்டாவது வாய்க்குத் தயிரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“உப்புக் கொஞ்சம் தூக்கலோ, அத்தை?”

“ஆமா மாப்பிள்ளை” என்றேன்.